மின்கம்பியில் மோதிய சிறு விமானம்: விசாரணையாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண் தரை ஒன்றில், பழைய உந்துவிசிறி ஒன்றையும் அறுந்த மின்கம்பிகளையும் பரப்பிவைத்து, விமான விபத்து விசாரணை பயிலும் இளைஞர்களை அண்மையில் ஆராயச் சொன்னோம். எல்லோரும் நேரே உந்துவிசிறியிடம் சென்றார்கள்; கம்பியைக் குனிந்து பார்த்தவர் எவருமில்லை. நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நடந்துகொண்டேன். கையுறை, தலைக்கவசம் போன்றவற்றை எல்லோரும் அறிவர், அவற்றை விட்டுவிடுகிறேன்.

விழுந்த கம்பியில் மின்சாரம் இல்லையென நம்புதல்

மின்வழியைத் துண்டித்த தானியங்கி ஆளி (சுவிட்ச்) சில வினாடிகளில் மீண்டும் இணைப்புக் கொடுக்கக்கூடும். மின்சாரம் நிறுத்தப்பட்டு, கம்பியை நிலத்தோடு இணைக்கும் புவித்தொடுப்பும் செய்யப்பட்டதை எழுத்தில் பெற்ற பின்னரே நெருங்குங்கள்.

கம்பியைத் திருத்தப் பணியாளரிடம் விட்டுவிடுதல்

வெளிநாடொன்றில் நான் பயின்றபோது, வயல்வெளியில் இறங்க முயன்ற இரு இருக்கை விமானம் ஒன்று கம்பியில் மோதி வீழ்ந்தது. ஊர் இருளில் கிடந்ததால் திருத்த வேலைக்கு உடனே சம்மதித்தோம். மாலைக்குள் புதுக்கம்பி இழுக்கப்பட்டு, பழையது சுருட்டி ஏற்றப்பட்டுவிட்டது. மோதும்போது இயந்திரம் இயங்கியதா என்ற கேள்வி மூன்றாம் நாள் எழுந்தபோது, அக்கம்பி களஞ்சிய முற்றத்தில் வேறு சுருள்களோடு கலந்து கிடந்தது. வலுவோடு சுழலும் விசிறி கம்பியில் அடுத்தடுத்து வெட்டுக்களை விட்டுச்செல்லும். இழுவையில் அறுந்த இழை கழுத்துப்போல் ஒடுங்கும். மின்பொறியில் உருகிய முனையோ மணிபோல் திரளும். இவற்றில் ஒன்றைக்கூட எங்களால் காட்ட முடியவில்லை. மகனின் இயந்திரம் நின்றுபோனதா என்று விமானியின் தாயார் கேட்டார். "தீர்மானிக்க முடியவில்லை" என்றே அறிக்கையில் எழுதினோம். அந்த வரி இன்றும் என்னை உறுத்துகிறது.

மின்சாரத்தை உடனே மீட்டாகவேண்டிய நிலையிலும், கம்பி கிடந்தபடியே படமெடுத்து, அறுந்த முனையிலிருந்து தாராளமாகத் தள்ளி வெட்டி, கம்ப இலக்கத்தை எழுதிக் கட்டுங்கள். விபத்தில் அறுந்த முனைக்கு ஒரு நிற நாடா, நாம் வெட்டிய முனைக்கு வேறு நிறம்.

துணைமின்நிலையப் பதிவின் நேரத்தை அப்படியே ஏற்றல்

கம்பி அறுந்து மின்சாரம் தடைப்பட்ட நேரம் அந்நிலையத்தின் கடிகாரப்படியே பதிவாகிறது; அக்கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று அன்றே ஒப்பிடுங்கள்.

"விமானி பார்த்திருக்கவேண்டும்" என எழுதுதல்

விசாரணையின் நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பதேயன்றிப் பழி சுமத்துவதன்று என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின், விபத்து விசாரணை பற்றிய 13ஆம் இணைப்புத் தெளிவாகக் கூறுகிறது. சாம்பல்நிற அலுமினியக் கம்பி வானத்தோடு கரைந்துவிடும். விமானிக்குக் கம்பி இருப்பதை உணர்த்துவது கம்பந்தான். எங்கள் பக்கத்தில் அந்தக் கம்பமும் பனைவரிசைக்குள் மறைந்துவிடுவதால், வெயில் அதே கோணத்தில் விழும் நேரத்தில், விமானம் வந்த திசையில் நின்று, எது தெரிகிறது என்று முதலில் பார்த்து எழுதுங்கள்.