நேர்காணலில் பதிலைத் தவற விடாதீர்கள்: டெல்டாவில் பிரபலங்களைப் பேட்டி எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

மன்னார்குடிப் பக்கம் பிறந்து சினிமாவில் பேர் எடுத்த நடிகர் ஒருவர், "அந்த வருஷம் மேட்டூரைத் திறக்கவே இல்ல. அப்பதான் மெட்ராஸுக்குப் பஸ் ஏறினேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் தாளைப் பார்த்துக்கொண்டே, "முதல் பட அனுபவம் பத்திச் சொல்லுங்க சார்" என்கிறார். கதவு திறந்தது, யாரும் உள்ளே போகவில்லை.

வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் அணை திறக்காவிட்டால் குறுவை நெல் சாகுபடி இல்லை. விதை நெல்லுக்கு வாங்கிய கடன், அடகுக்குப் போன நகை, வேலைக்குக் கிளம்பிய பிள்ளை எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கின்றன. "அந்த வருஷம் வீட்டுல என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும். பேட்டிகளில் நடக்கும் ஆகப் பெரிய தவறு இதுதான்: அடுத்த கேள்வியைப் பற்றிய பதற்றத்தில் கையில் இருக்கும் பதிலை விட்டுவிடுவது.

அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியாளர் பார்பரா வால்டர்ஸ் 1981-இல் நடிகை கேத்தரின் ஹெப்பர்னிடம் "என்ன மரம்?" என்று கேட்டதற்காகப் பல ஆண்டுகள் கேலிக்கு ஆளானார். தாம் ஒரு மரம் போல ஆகிவிட்டதாக முதலில் சொன்னவர் ஹெப்பர்ன்தான். வால்டர்ஸ் பதிலைக் காதில் வாங்கித்தான் கேட்டார். முந்தைய வரி மறந்துபோய்க் கேள்வி மட்டும் ஊர் சுற்றியது. அதனால் எடிட்டிங் மேசையில் துணைக்கேள்வியை அதற்கு முந்தைய பதிலிலிருந்து ஒருபோதும் பிரிக்காதீர்கள். சிறு துண்டாக வெளியிடும்போதும் இரண்டும் சேர்ந்தே போகட்டும்.

பதில் முடிந்ததும் மனசுக்குள் நான்கு எண்ணுங்கள். மூன்றாவது நொடியில் பெரும்பாலானவர்கள் தாங்களாகவே ஒரு வாக்கியம் சேர்ப்பார்கள். ஒப்பித்து வைத்திராத வாக்கியம் என்பதால் நல்லது அதில்தான் இருக்கும். அந்த இடைவெளியில் "ம்ம்", "ஆமா சார்", "சூப்பர்" என்று ஒலி எழுப்பினால் அது விருந்தினரின் மைக்கிலும் ஏறிவிடும், வெட்டி எடுக்க முடியாது. தலையசைப்பு போதும்.

கேள்வியின் வடிவத்திலும் கவனம் வேண்டும். "நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டுத்தானே வந்தீங்க, அதப் பத்தியும் இப்ப கிடைச்ச விருதப் பத்தியும் சொல்லுங்க" என்பதில் முடிவு முன்பே சொல்லப்பட்டுவிட்டது, கேள்வியும் இரண்டாக இருக்கிறது. விருந்தினர் சுலபமானதை மட்டும் எடுத்துக்கொள்வார். "சென்னைக்கு வந்து இறங்கின அன்னைக்கு ராத்திரி எங்க தூங்கினீங்க?" என்றால் பதிலில் இடமும் ஆளும் வந்தே தீரும். கேள்வி பதினைந்து சொற்களைத் தாண்டினால் உடைத்துவிடுங்கள்.

அமெரிக்காவின் சிஎன்என் தொலைக்காட்சியில் 1985 முதல் 2010 வரை நிகழ்ச்சி நடத்திய லாரி கிங், விருந்தினரின் புத்தகத்தை முன்கூட்டிப் படிப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதைப் பார்த்துத் தயாரிப்பைக் கைவிடக்கூடாது. பல ஆண்டு வானொலிப் பழக்கம் அவருக்கு இருந்தது. வால்டர்ஸின் முறைதான் தொடங்குபவர்களுக்குப் பொருந்தும்: கேள்விகளைச் சிறு அட்டைகளில் ஏராளமாக எழுதி, வரிசையை மாற்றி மாற்றி அடுக்கிக் குறைப்பது. அரை மணி நேரப் பேட்டிக்கு நாற்பது எழுதிப் பன்னிரண்டாகச் சுருக்கலாம். கேட்கப்போவது ஏழெட்டுதான்.

தேடிப் படித்தால் தெரிந்துவிடுவதைக் கேட்டு விருந்தினரின் நேரத்தை வீணாக்காதீர்கள். நாகஸ்வர வித்வானிடம் "இது எந்த மரத்துல செய்றது?" என்று கேட்க வேண்டியதில்லை. ஆச்சா மரம் என்பதும், நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதும் நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டியவை. "இந்த வாத்தியம் உங்க கைக்கு எப்ப வந்துச்சுங்கய்யா?" என்பது அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி. நாகஸ்வரமா நாதஸ்வரமா, அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள், எழுத்திலும் அப்படியே போடுங்கள். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோடு ஒப்பிட்டு முதல் கேள்வியைத் தொடங்குவதும் தவறு. பாராட்டு என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர் காலமாகி (1956) இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தோடி ராகம் என்றால் அவர் பெயர்தான் முன்னால் வரும். ஒப்பிட்டதும் எந்த வித்வானும் கூசிப்போவார், பேச்சு அடக்கத்திலேயே நின்றுவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊரைக் கேட்கலாம், தெருவைக் கேட்காதீர்கள். டெல்டா கிராமங்களில் தெருவைக் கேட்பது பல நேரம் சாதியைக் கேட்பதுதான். அவராகச் சொன்னால் மரியாதையோடு தொடருங்கள்.

திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நாட்களில் நேரம் தவறிக் கேட்பவர்கள் அதிகம். பெரும்பாலும் ஜனவரியில் வரும் அந்த நாட்களில் கலைஞர்களுக்கு மேடையில் சில நிமிடங்களே கிடைக்கும். ஏறுவதற்கு முன் பாடகர் குரலைக் காத்துக்கொண்டிருப்பார். இறங்கி வந்து தண்ணீர் குடித்த பிறகு கேளுங்கள். "அஞ்சு நிமிஷம்" என்று கேட்டால் ஐந்தில் முடித்துவிடுங்கள். அடுத்த ஆண்டும் அதே ஊரில்தான் அவரைப் பார்க்கப் போகிறீர்கள்.

ஒலி கெட்டால் எல்லாம் கெட்டது. படம் சற்று மங்கினாலும் பார்ப்பார்கள், பேச்சு புரியாவிட்டால் மாற்றிவிடுவார்கள். காவிரிப் படித்துறை கண்ணுக்கு அழகு, காதுக்கு இல்லை. காற்று மைக்கில் நேராக மோதும், அக்கரையில் பம்புசெட் ஓடும், கோயில் ஒலிபெருக்கி எப்போது தொடங்கும் என்று சொல்ல முடியாது. அங்கே நடந்து வருவதை மட்டும் எடுத்துக்கொண்டு, பேச்சை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சட்டை மைக்கை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். பட்டு அங்கவஸ்திரம், கழுத்துச் சங்கிலி, பட்டுப்புடவைத் தலைப்பு மூன்றும் உரசும் பகைகள். பேச்சின் உச்சம் ஒலி அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். வித்வான் வாசிக்கப் போகிறார் என்றால் அந்த மைக் தாங்காது. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வேறொன்றை வைத்து அளவைக் குறையுங்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்துப் பதப்படுத்த அவருக்கு நேரமும் கொடுங்கள்.

பழைய வீடுகளில் ஊஞ்சலைப் பார்த்ததும் அதில் உட்காரவைக்கத் தோன்றும். சங்கிலி கிரீச்சிடும், முகம் ஃபோகஸை விட்டுப் போய்ப் போய் வரும். முற்றத்து வெயிலும் ஏமாற்றும்: பதினொரு மணிக்குத் தோளில் இருந்த வெளிச்சம் பன்னிரண்டுக்குக் கண்ணுக்குக் கீழே நிழலாக இறங்கும். தாழ்வாரத்தில், முற்றத்தைப் பக்கவாட்டில் வைத்து, முதுகில்லாத ஸ்டூலில் உட்காரவையுங்கள், சாய்ந்து அமிழ மாட்டார். முதியவர் என்றால் முதுகுள்ள மர நாற்காலிதான் சரி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வையுங்கள், டியூப்லைட் மினுங்காது. சத்தம் ஏறாமலிருக்க மின்விசிறியை நிறுத்தினால் வியர்க்கும், ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒரு இடைவேளையும் துண்டும் வேண்டும். அதற்காகவே ஃப்ரிட்ஜை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். மறுபடி போடாமல் கிளம்பி, அந்த வீட்டுப் பால் திரிந்துபோகக் காரணமாகாதீர்கள்.

இரண்டு கேமரா இருந்தால் இரண்டும் பேசுபவர்களுக்கு இடையிலான கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவது போலத் தெரியும். உங்கள் தலையசைப்பைத் தனியாக எடுப்பதில் தவறில்லை. ஆனால் அவர் தாயின் மரணத்தைச் சொன்ன இடத்தில், வேறொரு பேச்சுக்குச் சிரித்த முகத்தை ஒட்டினால் அது பொய்.

பொய்யைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1995-இல் பிபிசிக்காக இளவரசி டயானாவைப் பேட்டி எடுத்த மார்ட்டின் பஷீர் உலகப் புகழ் பெற்றார். அந்தச் சந்திப்புக்காகப் போலி வங்கி ஆவணங்கள் தயாரிக்கப்பட்டதை 2021-இல் முன்னாள் நீதிபதி டைசனின் விசாரணை அறிக்கை உறுதிசெய்தது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அந்தப் பேட்டி அந்தப் போலி ஆவணங்களின் பேரில்தான் பேசப்படுகிறது. உள்ளூரில் இதன் சிறிய வடிவங்கள் உண்டு: "சும்மா ஊரைப் பத்தித்தான்" என்று அழைத்துவிட்டு விவாகரத்தைக் கேட்பது, கேமராவை நிறுத்திவிட்டதாகச் சொல்லி ஓடவிடுவது. தலைப்புகளை முன்கூட்டிச் சொல்லுங்கள், கேள்வித்தாளை அனுப்பாதீர்கள். அனுப்பினால் ஒப்பித்த பதில்தான் கிடைக்கும். கடினமான கேள்வி ஒன்று இருந்தால், அது வரப்போகிறது என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு, பேட்டியின் மூன்றில் இரண்டு பங்கு கடந்த இடத்தில் வையுங்கள். முதலிலேயே கேட்டால் எழுந்துவிடுவார், கடைசியில் கேட்டால் ஆறுதலாகப் பேச நேரம் இருக்காது.

முடிந்ததும் எல்லோரையும் அப்படியே உட்காரவைத்து முப்பது நொடி வெறும் அறையின் ஒலியைப் பதிவுசெய்யுங்கள், எடிட்டர் வெட்டுகளை மூட அதுதான் உதவும். மெமரி கார்டை அங்கேயே இரண்டு இடத்தில் நகலெடுத்து, ஒன்றைப் போட்டுக் கேட்டுப் பார்த்த பிறகு மைக்கைக் கழற்றுங்கள்.