கறிவேப்பிலைப் புழுவைக் கொல்லும் முன் ஒரு நிமிடம்

மழை பெய்து பத்துப் பதினைந்து நாளில் கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் இளந்தளிர் வரும். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி பட்டாம்பூச்சிகள் முட்டையிட அந்தத் தளிரைத்தான் தேடும். கடுகை விடச் சிறிய, வெளிர்மஞ்சள் உருண்டையாக ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கும். வெயிலில் தளிர் குறைந்தால் முட்டையும் குறையும். நுனியைக் கிள்ளி நீர் ஊற்றினால் ஓரளவு தளிர் வரும்.

மூன்று முதல் ஐந்து நாளில் புழு வெளிவரும். முதலில் பறவை எச்சம் போலவே இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. பிறகு பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னால் கவட்டை போன்ற உறுப்பை நீட்டி நாற்றமடிக்கும், கடிக்காது. சின்னச் செடியில் நாலைந்து புழு இருந்தால் மொட்டையாக்கிவிடும். ஓரிரண்டை விட்டு மற்றதை எலுமிச்சைக்கு மாற்றுங்கள். வேப்பெண்ணெய் தெளித்த செடி வேண்டாம்.

புழுவை டப்பாவில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தோற்பது இரண்டு காரணங்களால். காற்றுப்புகாத மூடிக்குள் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். கடைக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து இருந்தால் புழு சாகும். வலைத்துணி மூடி, தினமும் வீட்டு இலை, சாய்த்து வைத்த ஒரு குச்சி, இவ்வளவே போதும். வளர்ந்த புழு இலை தின்பதை நிறுத்தி அலைந்தால் கூட்டுப்புழுவாகப் போகிறது, தொடாதீர்கள். அதிலிருந்து பட்டாம்பூச்சி வர சுமார் பத்து நாள். முந்தைய நாள் கூடு கருத்து, இறக்கை நிறம் தெரியும். கூட்டில் பொடி ஓட்டைகள் மட்டும் இருந்தால் கூட்டுப்புழுவின் உள்ளே வளர்ந்து அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவி முந்திக்கொண்டது என்று அர்த்தம்.