நீரிலும் ஓடும் பழைய ஜீப்புக்குச் சிக்கனமாகச் சஸ்பென்ஷன் பாகங்கள் சேர்ப்பது எப்படி

வேலூரில் நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டி ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால், பாலாற்றில் மணல்தானே கிடக்கிறது, எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். 2021 நவம்பரில் அதே பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்கள்கூட இந்தக் கேள்வியை விடுவதில்லை. காவேரிப்பாக்கம் ஏரி நிறைந்திருக்கும் மாதங்களை நினைவூட்டிவிட்டு, இத்தகைய வண்டியின் ஸ்பிரிங், அதன் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள், அந்த இணைப்பில் உராய்வைத் தாங்கும் குழலான புஷ், குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சர்பர் ஆகியவற்றை வட ஆர்க்காட்டுப் பகுதியில் இருந்துகொண்டே எவ்வளவு குறைந்த செலவில் சேர்க்கலாம் என்ற வேலைக்கு வருகிறேன்.

எந்த வண்டி என்பதைப் பொறுத்தே செலவு முடிவாகிறது. நீரில் ஓடும் பழைய வாகனங்களில் அதிகம் பேசப்படுபவை இரண்டு. ஒன்று, இரண்டாம் உலகப் போரின்போது 1942, 1943 ஆண்டுகளில் அமெரிக்க ராணுவத்துக்காக ஃபோர்டு நிறுவனம் செய்த ஜி.பி.ஏ. என்ற நீர் ஜீப். மற்றொன்று, ஹான்ஸ் டிரிப்பல் வடிவமைத்து, 1960களில் ஜெர்மனியில் நான்காயிரத்துக்கும் குறைவாகவே தயாரிக்கப்பட்ட ஆம்ஃபிகார் 770. இரண்டில் எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் நீர் ஜீப்பையே சொல்வேன். அதன் எஞ்சினும் கியர்பாக்ஸும் அச்சுகளும் பெரும்பாலும் சாதாரண ஜீப்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஸ்பிரிங்குகள் பட்டை அடுக்கு வகை. ஜீப்பும் பட்டை ஸ்பிரிங்கும் நம் ஊர்ப் பட்டறைகளின் கைக்குப் பழகியவை. ஆஸ்திரேலியரான பென் கார்லின் 1950 முதல் 1958 வரை உலகைச் சுற்றி வந்தது இந்த வகை வண்டியை மாற்றியமைத்துத்தான் என்பதையும், அந்தப் பயணத்தில் அவர் இந்தியாவைக் கடந்தார் என்பதையும் ஆர்வமுள்ளவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஆம்ஃபிகாரைப் பற்றி நம் பக்கத்தில் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. அதில் இருப்பது டிரையம்ஃப் ஹெரால்டு காரின் எஞ்சின் என்பதால், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பாகங்கள் எல்லாம் பொருந்திவிடும் என்று நினைக்கிறார்கள். எஞ்சின் உறவு உண்மைதான், ஆயினும் ஆம்ஃபிகாரில் இருப்பது 1147 சி.சி., நம் ஹெரால்டில் இருந்தது 948 சி.சி. சஸ்பென்ஷனிலோ அந்த உறவும் இல்லை. ஹெரால்டின் பின்புறத்தில் குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங் கிடக்கும். ஆம்ஃபிகாரில் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனிக் கையும் சுருள் ஸ்பிரிங்கும் உண்டு. சுருள் ஸ்பிரிங்கைக் கம்பியின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, உள்விட்டம், சுமையில்லாத உயரம் ஆகியவற்றைக் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளலாம். கைகளையும் அவற்றின் தாங்கிகளையும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அதனால் இனி எழுதுவதெல்லாம் ஜீப்பைப் பற்றியே.

எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன், வண்டி சமதரையில் நிற்கும்போது ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் உடலின் விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு, நான்கு ஸ்பிரிங்குகளுக்கும் இடது வலது, முன் பின் என்று தகரச் சீட்டு கட்டுங்கள். பெயின்டால் எழுதினால் மண்ணெண்ணெயில் கழுவும்போது போய்விடும். கண் (பட்டையின் முனையில் சுருட்டிய வளையம்) மையத்திலிருந்து கண் மையம் வரை நீளம், பட்டைகளை ஒன்றாகப் பிடிக்கும் சென்டர் போல்ட் இரு கண்களிலிருந்தும் எவ்வளவு தள்ளியிருக்கிறது, பட்டையின் அகலம், ஒவ்வொரு பட்டையின் தடிமன், பட்டைகளின் எண்ணிக்கை, கண்ணின் உள்விட்டம், தரையில் கவிழ்த்து வைத்தால் நடுவில் எழும் வளைவின் உயரம் என்று அனைத்தையும் வெர்னியரால் அளக்க வேண்டும். தடிமனைத் துரு தின்ற நடுப்பகுதியில் அளக்காமல், மேல் பட்டை மூடிக் காத்த இடத்தில் அளப்பது நல்லது. போர்க்கால ஜீப்பின் பட்டை அகலம் ஒன்றேமுக்கால் அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கி, பிறகு சி.ஜே.3பி வகையைப் பல்லாண்டுகள் இங்கேயே தயாரித்ததால், அதே குடும்பத்து ஸ்பிரிங்குகள், ஷேக்கிள்கள், தாங்கிகள் இன்றும் பழைய பாகச் சந்தைகளில் கிடைக்கின்றன. வேலூரிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டரில் இருக்கும் சென்னைப் புதுப்பேட்டை முதல் இடம். பழைய ஜீப்புகளையே தொழிலாகக் கொண்ட ஹரியானாவின் மண்டி டப்வாலியிலிருந்து லாரியில் வரவழைப்பவர்களும் உண்டு. கடைக்காரர் சொல்லும் வண்டிப் பெயரைக் கேட்டு வாங்காமல், அகலத்தையும் கண் விட்டத்தையும் அளந்து வாங்குங்கள். பிற்கால வண்டிகளின் பட்டைகளும் ஜீப் பட்டை என்ற பெயரிலேயே விற்பனையாகும். முழு அடுக்கு கிடைக்காவிட்டாலும், மெயின் பட்டை நல்லதாகக் கிடைத்தால் வாங்கிவிடலாம். கீழ்ப் பட்டைகளை உள்ளூரில் செய்துகொள்ளலாம். கண் சுருட்டிய மெயின் பட்டையைத் துல்லியமாகச் செய்வதுதான் கடினம்.

இனி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரத்து ஸ்பிரிங் பட்டறைகளைப் பற்றி. இவர்களுடைய கைத்திறனில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவர்கள் நாள் முழுதும் பார்ப்பது லாரி. நண்பர் ஒருவரின் சாதாரண ஜீப்பை ஒரு பட்டறையில் விட்டபோது, கேட்காமலேயே ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பட்டையைக் கூடுதலாக வைத்து, இனிப் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வண்டி கட்டை வண்டிபோல் குலுங்கியது. நீர் ஜீப்பில் இதைச் செய்தால் குலுக்கலோடு முடியாது. கூடுதல் எடையால் மூழ்கிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை: ஏறத்தாழ 4.6 மீட்டர் நீளமும் 1.6 மீட்டர் அகலமும் உள்ள அந்த உடல் ஒரு சென்டிமீட்டர் அமிழ்வதற்கே அறுபது கிலோ அளவுக்கு எடை ஏற வேண்டும். நான்கு பட்டைகளின் ஐந்து கிலோவால் ஒரு மில்லிமீட்டர்கூட அமிழாது. இந்த வண்டி முதலில் திட்டமிட்டதைவிட ஏறக்குறைய நானூறு கிலோ கூடுதல் எடையோடு பிறந்து, நீர்மட்டத்துக்கு மேல் மிகக் குறைந்த விளிம்போடு மிதந்தது என்பது உண்மைதான். அந்தக் குறையைப் பட்டையால் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அஞ்ச வேண்டியது விறைப்புக்கு. ஃபோர்டு இந்த வண்டியை, உறுதியான சட்டத்தின் மேல் மெல்லிய தகட்டைப் பற்றவைத்துச் செய்தது. ஸ்பிரிங் வாங்க மறுக்கும் அதிர்ச்சியை எல்லாம் அந்தப் பற்றவைப்புத் தையல்கள்தான் வாங்கும். சாலையில் விழும் மயிரிழை விரிசல் ஏரியில்தான் தெரியவரும்.

விறைப்பைக் கணக்கிட ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். அகலமும் நீளமும் மாறாதபோது, பட்டையின் விறைப்பு அதன் தடிமனை மும்முறை தன்னோடு பெருக்கிய அளவுக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப உயரும். 5 மில்லிமீட்டர் பட்டை இருந்த இடத்தில் 6 மில்லிமீட்டர் பட்டையை வைத்தால், பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் அந்தப் பட்டை ஏறக்குறைய 73 விழுக்காடு விறைத்துவிடும். தடிமன் இரட்டித்தால் எட்டு மடங்கு. ஆகவே, காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும் லாரிப் பட்டையை நீளவாக்கில் அறுத்து அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். கேஸ் கட்டரின் சூடு பட்டையின் பதத்தைக் கெடுத்துவிடும். அறுத்த விளிம்பிலிருந்தே பட்டை முறியத் தொடங்கும்.

புதிய பட்டை அடிக்கக் கொடுக்கும்போது, ஸ்பிரிங்குக்கென்றே வரும் ஈ.என். 45 அல்லது எஸ்.யு.பி. 9 வகை எஃகுதான் வேண்டும் என்று சொல்லி, அதை எண்ணெயில் தோய்த்து மீண்டும் பதப்படுத்தித் தரும் உலை உள்ள இடத்தில் மட்டும் கொடுங்கள். தொய்ந்த பழைய பட்டையைக் குளிர்ந்த நிலையில் சுத்தியலால் அடித்து வளைவேற்றித் தருவது மிக மலிவு; சில மாதங்களில் மீண்டும் தொய்ந்துவிடும் என்பதால் அந்த மலிவு உண்மையில் செலவுதான். பட்டையின் எந்த இடத்திலும் வெல்டிங் வைக்கக் கூடாது. துருவுக்கு அஞ்சி மின்முலாம் பூசக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். முலாம் தொட்டியில் எஃகுக்குள் ஏறும் ஹைட்ரஜன், கடினமான ஸ்பிரிங் எஃகை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். பட்டைகளைப் பிரித்துத் துருவைச் சுரண்டி, துத்தநாகம் மிகுந்த பிரைமர் பூசி, இடையில் கிராஃபைட் கிரீஸ் தடவி அடுக்குவதே போதுமானது.

ஷேக்கிளில்தான் பெரும்பாலோர் வீண் செலவு செய்கிறார்கள். பழைய ஜீப்பில் இருப்பது ஆங்கில யூ எழுத்து வடிவில், இரு கால்களிலும் மரை (திருகுப் புரி) வெட்டிய ஷேக்கிள். அதன் மேல் திருகும் புஷ்ஷும் மரையுள்ளது. மரை தேய்ந்துவிட்டால் ஆட்டம் வரும், ஸ்டியரிங் அலையும், வேறு காரணங்களைத் தேடிப் பணம் போகும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது, இவற்றில் சில இடது மரை என்பதே. இடது மரை ஷேக்கிளின் காலில் சிறு புடைப்பும், அதற்குரிய புஷ்ஷின் தலையைச் சுற்றி ஒரு வரிப்பள்ளமும் அடையாளமாக இருக்கும். கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னாலும், புஷ்ஷைக் கையால் திருகிப் பார்த்து வாங்குங்கள். பூட்டும்போது இரு புஷ்களையும் மாறி மாறித் திருகி, மேல் புஷ் சட்டத்துப் பிடியில் இறுக அமர்ந்த நிலையில், கீழ் புஷ்ஷின் தலைக்கும் ஸ்பிரிங் கண்ணுக்கும் இடையே ஒரு அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். ஷேக்கிள் கையால் தள்ளினால் அசைய வேண்டும். அசையாவிட்டால் அவிழ்த்து மறுபடி மரையேற்ற வேண்டும்.

மரை புஷ் கிடைக்கவே இல்லை என்றால், சாதாரண பின்னும் தகட்டு ஷேக்கிளும் வைத்து மாற்றிவிடலாம். ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்தில் தொழிற்சாலைகளுக்குத் துல்லியமாகக் கடைந்து கொடுத்துப் பழகிய லேத் பட்டறைகள் உண்டு. ஒரு புஷ் மாதிரியும் ஒரு வரைபடமும் போதும். புஷ்ஷைக் கன்மெட்டலில் கடைந்து, உள்ளே கிரீஸ் ஓடும் வரி வெட்டி, பின்னின் தலையில் கிரீஸ் நிப்பிள் வைக்கச் சொல்லுங்கள். மலிவாக இருக்கிறதே என்று நைலான் புஷ்ஷுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நைலான் நீரை உறிஞ்சிப் பருக்கும். நிலத்தில் மட்டும் ஓடும் வண்டியில் இது தெரியாது, ஏரியில் இறங்கி ஏறிய பிறகு பின்னைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் புஷ் நீருக்குத் தாங்கும், ஆனால் வேலூர் வெயிலில் வெளியே நிற்கும் வண்டியில் சீக்கிரம் வெடித்துவிடும். ரப்பரைத்தான் வைப்பது என்று முடிவு செய்தால், வண்டியைத் தரையில் இறக்கி, சுமை ஏறிய நிலையில்தான் பின்னை இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே நிற்கும்.

ஷாக் அப்சர்பருக்கு அதிகம் அலைய வேண்டாம். முழுதாக நீட்டிய நீளம், முழுதாக மடங்கிய நீளம், இரு முனைக் கண்களின் விட்டம் ஆகிய மூன்று அளவுகள் ஒத்துப்போகும் மகிந்திரா ஜீப் ஷாக் போதும். அச்சு மேலே ரப்பர் கட்டையில் முட்டும்போதும் ஷாக்கில் இரண்டு விரல் மடக்கம் மீதமிருக்கிறதா என்று ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் அச்சைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத் தாங்கிகளை (பேரிங்) பழைய பாகமாக வாங்குவதில் பொருளே இல்லை. ஜீப்பின் சக்கரத் தாங்கிக்கு 18590, அதன் வெளிவளையத்துக்கு 18520 என்பவை இன்றும் வழக்கில் உள்ள எண்கள். உங்கள் தாங்கியில் பொறித்திருப்பதை ஒப்பிட்டுப் பார்த்து, எந்தத் தாங்கிக் கடையிலும் புதிதாக வாங்கலாம். ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டும் சென்டர் போல்ட்டும் எப்போதும் புதியவையாகவே இருக்க வேண்டும். அவை அங்குலக் கணக்கில் நெருக்கமான மரை கொண்டவை என்பதால், மில்லிமீட்டர் நட்டைப் பலவந்தமாக ஏற்றும் பையன்கள் மீது ஒரு கண் இருக்கட்டும்.

பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம், ஸ்பிரிங்கைத் தாங்கும் சட்டத்துப் பிடிகள். சட்டத்துக்கும் உடல் தகட்டுக்கும் இடையில் தேங்கிய நீர், பிடிகளை உள்ளிருந்தே தின்றிருக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஓசை மழுங்கும் இடத்தில் சுரண்டிப் பார்த்து, இரும்பு மெலிந்திருந்தால் புதிய தகட்டை வெட்டிப் பற்றவைத்து, உட்புறத்துக்கும் பிரைமர் போய்ச் சேருமாறு செய்யுங்கள். இதை முடிக்காமல் புதிய ஸ்பிரிங்கைப் பூட்டாதீர்கள்.

கிரீஸ் வாங்கும்போது நீரில் கரையும் சோடியம் வகையைத் தவிர்த்து, கால்சியம் வகையைக் கேட்டு வாங்குங்கள். எல்லாம் பூட்டிய பின் 80 கிலோமீட்டர் அளவுக்குச் சாலையில் ஓட்டி, யூ போல்ட்களை மீண்டும் இறுக்கி, தொடக்கத்தில் குறித்துவைத்த நான்கு உயரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடதும் வலதும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால், தண்ணீரில் இறக்குவதற்கு முன் அடுக்கைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும். உரிய அனுமதி பெற்று ஏரியில் இறக்கி ஏற்றிய அன்றே, வண்டி காயும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு நிப்பிளிலும் கிரீஸ் அடியுங்கள். முதலில் நீர் கலந்து வெளுத்த கிரீஸ் வெளியேறும், புதிய கிரீஸின் நிறம் ஓரங்களில் தெரியும்வரை கிரீஸ் கன்னை விடாமல் அழுத்த வேண்டும்.