வேகப்படகுக்கு ஆயில் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் ஆயில் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் வந்து கூடும் ஊர் என்பதால், லாரிக்கும் டிராக்டருக்கும் கிரானைட் குவாரி இயந்திரங்களுக்கும் வேண்டிய ஆயில் எல்லாம் பைபாஸ் ஓரத்திலேயே கிடைத்துவிடும். படகு என்ஜின் வைத்திருப்பவர்கள் தவறு செய்வதற்கு இந்த வசதியே காரணமாகிவிடுகிறது. ஏரியில் ஓடும் சிறிய மோட்டார் படகானாலும், கடலுக்குக் கொண்டுபோய் ஓட்டும் வேகப்படகானாலும், கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் லாரி ஆயிலையே வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். லாரியின் கியர் பெட்டி தரைக்கு மேலே இருக்கிறது. படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு என்ஜினின் கியர் பெட்டியோ ஓடும் நேரமெல்லாம் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. ஆயில் வாங்கும்போது இதை மறப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் பலவும் பிறக்கின்றன.

கியர் ஆயிலில் தொடங்குவோம். தடிப்பைக் குறிக்கும் எண்ணைச் சொல்லி "தொண்ணூறு நம்பர் கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது லாரியின் பின் அச்சிலுள்ள கியர் கூண்டுக்கான ஆயிலாகவே இருக்கும். டப்பாவில் ஜிஎல்-5 என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி, படகு நிறுவனத்தின் கையேட்டிலும் அதையேதானே கேட்டிருக்கிறார்கள் என்பார்கள். ஜிஎல்-5 என்பது கியர் பற்களின் மீது விழும் அழுத்தத்தை ஆயில் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. தண்ணீர் கலந்தால் அது என்ன ஆகும் என்பதைச் சொல்வதில்லை. படகுக்கென்று தயாரிக்கப்படும் மெரைன் கியர் ஆயிலில் துருவைத் தடுக்கும் சேர்மானங்கள் கூடுதலாக உண்டு. சிறிதளவு தண்ணீர் புகுந்தாலும் பற்களின் மேல் படலம் அறுந்துபோகாதபடி அது பக்குவப்படுத்தப்பட்டிருக்கும். சில என்ஜின்களுக்கு ஜிஎல்-4 போதும் என்று கையேடு சொல்லும். அப்போது கையேட்டின் சொல்லே முடிவு.

படகு என்ஜின் பழுதுபார்க்கும் தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஓர் என்ஜினுக்கு லாரி ஆயிலை ஊற்றியிருக்கிறேன். அடுத்த ஆண்டு அதன் கியர் பெட்டியில் ஆயிலை வடிக்கும் கீழ்த் திருகைக் கழற்றியபோது முதலில் ஒரு மடக்குத் தெளிந்த தண்ணீர் வந்தது. அதன் பின்னால், பால் அதிகம் ஊற்றிய டீயின் நிறத்தில் ஆயில் இழுபட்டு இறங்கியது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சரியாக பேரிங்கின் மேல் துருக்கோடு விழுந்திருந்தது. தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று தேடியதில், ப்ரொப்பெல்லருக்குப் பின்புறம் நைலான் வலை நரம்பு இறுகச் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்திருந்தது தெரிந்தது. மீன்பிடி நடக்கும் எந்த நீர்நிலையிலும் இது நடக்கக்கூடியதே. சீல் அறுந்த பிறகு எந்த ஆயிலும் கியரை நெடுநாள் காப்பாற்றாது. ஆனால் சரியான ஆயிலாக இருந்திருந்தால், பழுதைக் கண்டுபிடிக்கும் வரையிலாவது அந்த பேரிங்குக்கு ஓர் அவகாசம் கிடைத்திருக்கும் என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆயில் எவ்வளவு தடிப்பாக இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்று எண்ணி 140 நம்பர் ஆயிலை ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். தடித்த ஆயிலைக் கடைந்துகொண்டே சுழல்வதால் கியருக்குச் சூடு ஏறுகிறது. இடுக்கான பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேரவும் தாமதமாகிறது. அதிவேகப் படகுகளில் இது மேலும் ஆபத்தானது. அங்கே என்ஜினை உயர்த்திப் பொருத்துவதால், கியர் பெட்டியைச் சுற்றி ஓடிக் குளிர வைக்கும் தண்ணீர் குறைகிறது. அலை மேல் துள்ளும் படகின் ப்ரொப்பெல்லர் காற்றில் வெறுமனே சுழன்று, மீண்டும் தண்ணீரைக் கடிக்கும் ஒவ்வொரு முறையும் பற்களில் சுத்தியால் அடிப்பது போன்ற அதிர்ச்சி விழுகிறது. இப்படிப்பட்ட என்ஜின்களுக்குக் கையேடு அனுமதிக்குமானால் 75டபிள்யூ-90 சிந்தெடிக் மெரைன் கியர் ஆயிலே என் தேர்வு. விலை கூடுதல்தான், ஆனாலும் ஒரு ஜோடி கியரின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

நல்ல ஆயிலை வாங்கிவிட்டு கியர் பெட்டியின் மேல் துளை வழியாக ஊற்றினால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு அளவு குறைந்துவிடும். கீழ்த் துளையில் பம்பைப் பொருத்தி, மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும் வரை ஏற்ற வேண்டும். பிறகு மேல் திருகை முதலில் மூடிவிட்டு, அடுத்துக் கீழ்த் திருகை மூட வேண்டும். வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

இனி என்ஜின் ஆயில். டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு, தண்ணீரில் குளிரும் டூ ஸ்ட்ரோக் என்ஜின்களுக்கான டிசி-டபிள்யூ3 தரம் குறித்த ஆயிலே ஏற்றது. ஸ்கூட்டருக்குப் போடும் 2டி ஆயில் காற்றில் குளிரும், சூடு மிகுந்த என்ஜினுக்காகச் செய்யப்பட்டது. அதில் எரிந்தபின் சாம்பல் விடும் சேர்மானங்கள் இருக்கலாம், அந்தச் சாம்பல் தண்ணீரில் குளிரும் என்ஜினின் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும்.

ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. கையேடு 10டபிள்யூ-30 கேட்கிறது, பைக் ஆயில் டப்பாவிலும் 10டபிள்யூ-30 என்றிருக்கிறது, ஆகவே இரண்டும் ஒன்று என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த எண் ஆயிலின் தடிப்பை மட்டுமே குறிக்கிறது. பைக் ஆயிலின் மேல் இருக்கும் ஜாசோ எம்ஏ என்ற குறி, ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்ச் தட்டுகள் வழுக்காமல் இருப்பதற்கானது. அவுட்போர்டில் அப்படிப்பட்ட கிளட்சே கிடையாது. காருக்கான 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில்கள் பெட்ரோல் மிச்சப்படுத்துவதை நோக்கமாகக் கொண்டவை. கார் என்ஜின் சாலையில் நிமிடத்துக்கு 2000, 2500 சுற்றில் நிதானமாக ஓடும். அவுட்போர்டோ 5000 முதல் 6000 சுற்று வரை, மலையேறும் லாரியைப் போல முழுச் சுமையோடு நீண்ட நேரம் ஓடும். அந்த நிலையில் தடிப்பு சிதையாமல் இருக்கிறதா, துருவைத் தடுக்கிறதா, நுரைக்காமல் இருக்கிறதா என்றெல்லாம் சோதித்துக் கொடுக்கப்படும் தரக்குறியே எஃப்சி-டபிள்யூ.

டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைந்தால் பதறுபவர்கள், கூடினால் மகிழ்ச்சியடைந்துவிடுகிறார்கள். ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் பெட்ரோல் கலந்திருக்கலாம். என்ஜின் சூடேறாமல் மெதுவான ஓட்டத்திலேயே நெடுநேரம் கிடப்பதால் இது நேர்கிறது. முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாசம் தெரியும்.

ஓடாமல் நிற்கும் படகுக்கு ஆயில் மாற்றத் தேவையில்லை என்ற எண்ணமும் தவறு. பல என்ஜின்களுக்கு முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது ஆண்டுக்கு ஒரு முறை, எது முன்னால் வருகிறதோ அப்போதும் ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். பழைய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலமும் ஈரமும், என்ஜின் நிற்கும் மாதங்களில்தான் உலோகத்தை அரிக்கின்றன. ஆகவே படகை நிறுத்தி வைப்பதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்டு முழுவதும் மூலையில் நின்ற படகு என்ஜின் ஓர் இரவில் உயிர் காக்கத் தேவைப்படலாம். அப்படி நிற்கும் என்ஜினை எடுக்கும் முன், நிமிர்த்தி வைத்த நிலையில் கியர் பெட்டியின் கீழ்த் திருகைச் சற்றே தளர்த்தி, முதலில் வருவது ஆயிலா தண்ணீரா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள்.