பிரவுன் தீர்ப்பு நாளில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டம்: நடத்துவது எப்படி?

கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று அரசே பிரித்து வைப்பது செல்லாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன அதுதான் பிரவுன் தீர்ப்பு. அந்த நாளை ஒட்டி அங்கே நூலகங்களிலும் தேவாலயங்களிலும் சட்டக் கல்விக் கூட்டங்கள் நடப்பதுண்டு. புகழுரையோடு கலைந்துவிடும் கூட்டம் பயன் தராது. வந்தவர் தன் பிள்ளைக்குச் சட்டம் என்ன கொடுத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வீடு திரும்ப வேண்டும்.

மே மாதம் அங்கே தேர்வும் பட்டமளிப்பும் மோதும் காலம். அதனால் 17-ஐ ஒட்டிய ஒரு சனிக்கிழமை காலையைப் பிடித்து, எட்டு வாரம் முன்பே இடத்தைப் பதிவு செய்யுங்கள். இரண்டு மணி நேரம், 40 முதல் 50 பேர், ஐந்து மேசைகள் போதும்.

முதல் வேலை, தீர்ப்பையே சத்தமாக வாசிப்பது. தலைமை நீதிபதி எர்ல் வாரன் அதைச் சாதாரண மக்களும் படிக்கும்படி சுருக்கமாக எழுதினார். அடிக்குறிப்புகளை விட்டுவிட்டால் கால் மணி நேரத்துக்குச் சற்று முன்பின் முடிந்துவிடும். ஆறு பேருக்குப் பத்தி பிரித்துக் கொடுங்கள். 14 புள்ளி எழுத்தில் அச்சிட்டு, ஒரு வாரம் முன்பே கையில் சேருங்கள். மேடையில் வைத்து முதல்முறை படிப்பவர் தடுமாறுவார், கூட்டத்தின் கவனமும் சிதறும். நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பதிப்புரிமை கிடையாது, நகல் எடுக்கத் தடையில்லை.

அடுத்து மேசைகள். பலரும் இதை லிண்டா பிரவுன் என்ற ஒரு சிறுமியின் கதையாகவே சொல்கிறார்கள். உண்மையில் கேன்சஸ், தென் கரோலினா, வர்ஜீனியா, டெலவேர், வாஷிங்டன் நகரம் என ஐந்து இடத்து வழக்குகள் இவை. மேசைக்கு ஒரு வழக்கு, பத்துப் பன்னிரண்டு நிமிடம், பிறகு இடம் மாற்றம். தென் கரோலினாவின் கிளாரெண்டன் வட்டாரத்தில் பெற்றோர் முதலில் கேட்டது ஒரு பள்ளிப் பேருந்துதான். வர்ஜீனியாவில் 180 பேருக்குக் கட்டிய மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 450-க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி அங்கே வேலைநிறுத்தத்தைத் தொடங்கி வைத்தார். பள்ளி மாணவர்கள் வந்திருந்தால் இந்த மேசையில் அதிக நேரம் நில்லுங்கள்.

கேன்சஸ் மேசையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டொபீகாவில் இரு தரப்புப் பள்ளிகளின் கட்டடமும் ஆசிரியர் தகுதியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதனால்தான் கட்டடத்தைச் சீர்செய்தால் சரியாகிவிடும் என்ற வாதம் அங்கே எடுபடாமல், பிரிப்பதே தவறா என்ற கேள்வி நேராக எழுந்தது. வாஷிங்டன் வழக்குக்கு அன்றே தனித் தீர்ப்பு வந்தது. அமெரிக்க அரசியலமைப்பின் 14-வது திருத்தம் மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தும், வாஷிங்டனோ எந்த மாநிலத்திலும் சேராத தலைநகரம் என்பதால் அங்கே 5-வது திருத்தம் துணைக்கு வந்தது. இரண்டையும் குழப்பினால் அறையில் இருக்கும் வழக்கறிஞர் திருத்த நேரிடும்.

கறுப்பு, வெள்ளைப் பொம்மைகளைக் காட்டி எது பிடிக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்ட உளவியலாளர்கள் கென்னத், மேமி கிளார்க் தம்பதியின் பொம்மைச் சோதனையை விளக்குங்கள். ஆனால் பிள்ளைகளை உட்கார வைத்து நடித்துக் காட்ட வேண்டாம். நிறம் பார்த்து வரிசை பிரிக்கும் விளையாட்டும் வேண்டாம். பாடத்துக்காகச் செய்தாலும் குழந்தைக்கு அது வலிதான்.

1954-உடன் கதையை நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 1955 மே 31 அன்று வந்த இரண்டாம் தீர்ப்பு காலக்கெடு எதுவும் வைக்காமல், ‘நிதானமான வேகத்தில்’ நிறைவேற்றச் சொன்னது. அந்த இடைவெளியில் புகுந்து, மோட்டன் பள்ளி இருந்த வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரம் 1959-இல் தன் பொதுப் பள்ளிகளை மொத்தமாகவே மூடியது. 1964-இல் மறு தீர்ப்பு வரும் வரை அங்கே பூட்டு தொங்கியது. பூட்டிய பள்ளி வாசலில் நின்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசாத கூட்டம் பாதிக் கூட்டம்தான்.

கடைசி அரை மணி நேரம் இன்றைய சட்டத்துக்கு. கூட்டாட்சி நிதி பெறும் பள்ளி, இனம், நிறம், பூர்விக நாடு பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது (1964 குடிமை உரிமைகள் சட்டம், 6-ஆம் தலைப்பு). குடியேற்ற ஆவணம் இல்லை என்பதற்காகப் பிள்ளைக்குப் பொதுப் பள்ளியில் இடம் மறுக்கக்கூடாது (1982 பிளைலர் தீர்ப்பு). பத்து நாள் வரையிலான இடைநீக்கம் என்றாலும் குற்றச்சாட்டைச் சொல்லி, மாணவரின் பதிலையும் கேட்க வேண்டும் (1975 காஸ் தீர்ப்பு).

பேச வரும் வழக்கறிஞர் தருவது பொதுத் தகவல், தனிப்பட்ட ஆலோசனை அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். அப்படியும் ஒரு தாய் எழுந்து தன் மகனின் இடைநீக்கத்தைப் பற்றிக் கேட்பார். பெயரும் பள்ளியும் ஊர் முன்னால் வெளிவந்துவிடும், அதைக் கைபேசியில் பதிவு செய்யவும் ஆள் இருக்கும். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். சொந்த வழக்குகளுக்குக் கதவுள்ள பக்கத்து அறையில் இலவசச் சட்ட உதவிக் குழுவை உட்கார வையுங்கள்.

கையில் கொடுக்கும் தாள் ஒரே பக்கமாக இருக்கட்டும். கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பப் பொதுவாக, பாகுபாடு நடந்த நாளிலிருந்து 180 நாள்தான் அவகாசம். அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் மேலே அச்சிட்டு, நடந்த தேதியைக் குறித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கோடு விடுங்கள்.