இரண்டு வயதுக் குழந்தையோடு முதல் பனிச்சறுக்குப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் குடியிருப்பின் கீழ்வீட்டுக்காரர்கள் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். "அக்கா, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா, ஒரு தடவை வந்து பார்த்துவிடுங்கள்" என்று கூப்பிட்டதால் போனேன். கூடத்தில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அடியில் அவர்களுடைய இரண்டரை வயது மகன் புதுப் பனி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் வியர்த்து, கைகளைக் கீழே தொங்கவிட முடியாமல் விறைப்பாக நின்றான். திறந்த பெட்டியில் வெள்ளைப் பருத்தி பனியன்கள், ஒரு டஜன், வரிசையாக. ஐந்து வருடத்துக்கு முன் நான் கட்டிய அதே பெட்டி!

குல்லாவை மறக்காதீர்கள், மருந்துப் பையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை உங்கள் மாமியாரே சொல்லிவிடுவார்.

விலை உயர்ந்த ஜாக்கெட்டுக்குள் பருத்தி

முதல் பயணத்தின்போது எங்கள் மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம். ஜாக்கெட்டுக்கு மட்டும் 8,000 ரூபாய் கொடுத்தோம். காற்று புகாது, தண்ணீர் இறங்காது என்று கடைக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை. அதற்குள்ளே என்ன போடுவது என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை. குழந்தையின் உடம்பில் பருத்தியைத் தவிர வேறெதுவும் படக்கூடாது என்பது என் அம்மாவின் சட்டம். சென்னையின் மே மாதத்துக்கு அதைவிடச் சரியான சட்டம் கிடையாது. அதன்படி பருத்தி பனியன், பருத்தி முழுக்கைச் சட்டை, பருத்தி லெகிங்ஸ். மேலே இரண்டு ஸ்வெட்டர். அதற்கும் மேலே அந்த ஜாக்கெட்.

மலையடிவார ஊரான டங்மார்க்கில், வந்த காரை விட்டுவிட்டு, சக்கரத்தில் சங்கிலி கட்டிய சுமோவுக்கு மாறினோம். அங்கிருந்து குல்மார்க் 13 கிலோமீட்டர்தான். பனியில் வண்டி ஊர்ந்தது. உள்ளே ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. குழந்தைக்குக் குளிருமே என்று ஜாக்கெட்டின் ஜிப்பைக்கூட நாங்கள் இறக்கவில்லை. கன்னம் சிவந்திருப்பதைப் பார்த்து, காஷ்மீர் ஆப்பிள் என்று கொஞ்சிப் படம் எடுத்தோம். குழந்தை உள்ளே வெந்துகொண்டிருந்தாள்.

இறங்கியதும் நேராக ஸ்லெட்ஜ், பனியில் இழுத்துப்போகும் சறுக்குவண்டி. வெளியே மைனஸ் 6 டிகிரி. முதல் பத்து நிமிடம் ஒரே சிரிப்பும் கூச்சலும். பிறகு அமைதியானாள். சமர்த்தாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம். ஸ்லெட்ஜை இழுத்துக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்தார், நின்றார். தன் கையுறையைக் கழற்றி, அவளுடைய காலருக்குள் இரண்டு விரலை விட்டுப் பின்கழுத்தைத் தொட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்லெட்ஜைத் திருப்பி, ஒரு டீக்கடையின் புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஜாக்கெட்டின் மேல்புறத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஸ்வெட்டர் லேசாகப் பிசுபிசுத்தது. பனியன் தோலோடு ஒட்டிக்கொண்டு, பிழியலாம் போல் இருந்தது. முதுகு ஐஸ் கட்டி. இத்தனைக்கும் அவள் அழவே இல்லை. இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைவது அதுதான்.

கம்பளிக்குள் சுற்றி, வெதுவெதுப்பான பால் கொடுத்த பிறகு சிணுங்க ஆரம்பித்தாள். அந்தச் சிணுங்கலைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். மறுநாள் இருமல், அதற்கு மறுநாள் காய்ச்சல். மூன்று நாள் அறையிலேயே கிடந்தோம். முன்கூட்டிக் கட்டிய பயிற்சிக் கட்டணமும் கேபிள் கார் டிக்கெட்டும் போயின. 8,000 ரூபாய் ஜாக்கெட்டைத் தோற்கடித்தது 120 ரூபாய் பனியன்.

விஷயம் எளிது. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டுத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். சென்னையில் அது ஆவியாகி உடம்பைக் குளிர்விப்பது நமக்கு வரம். பனியில் அதே வேலையைத்தான் அது செய்கிறது, அங்கே அது சாபம். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். ஈர பனியனோடு உட்கார்ந்திருக்கும் குழந்தை, மேலே எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, சிறிய உடம்பு பெரிய உடம்பைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோகும். நாம் நடக்கிறோம், விழுகிறோம், எழுகிறோம், நமக்கு வியர்க்கிறது. குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. நம் உடம்பின் சூட்டை வைத்து அதன் குளிரை அளப்பது இன்னொரு மடத்தனம்.

தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல், அதற்கு மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை இழைத் துணி, அதற்கு மேல் காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். மூன்றே அடுக்கு. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். எதுவும் இறுக்கமாக இருக்கக் கூடாது. சூடு காப்பது துணிகளுக்கு இடையில் சிக்கியிருக்கும் காற்று. அதை நசுக்கிவிட்டால் ஐந்து ஸ்வெட்டரும் வீண். சூடான வண்டிக்குள் ஏறினால் முதலில் ஜாக்கெட்டைக் கழற்றுங்கள். வெளியே அரைமணிக்கு ஒருமுறை பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கு குறைய வேண்டும், சில்லென்று இருந்தால் உள்ளே போக வேண்டும். ஒரு செட் உள்ளாடை கையிலிருக்கும் பையில் இருக்க வேண்டும், ஹோட்டல் அலமாரியில் அல்ல. ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று சமர்த்தாகிவிட்டால் சந்தேகப்படுங்கள்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். கீழ்வீட்டுத் தம்பி, "தெர்மல் வாங்கிவிட்டோம் அக்கா" என்று பெருமையாக எடுத்துக் காட்டினார். கழுத்தில் தைத்திருந்த விவரப் பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பருத்தி 60 சதவீதம்! 'தெர்மல்' என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளில் விற்பதில் பாதிக்கு மேல் பருத்தி கலந்தவையாகத்தான் என் கண்ணில் படுகின்றன. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது போதும். பட்டியைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இறங்கிய அன்றே மேலே ஏறுவது

சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது. குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில். காலையில் மீனம்பாக்கம், மாலையில் குல்மார்க் என்று திட்டம் போடுவது காகிதத்தில் அழகாக இருக்கும். சுமார் 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். பெரியவர்கள் தலைவலி என்று சொல்வோம். இரண்டு வயதுக் குழந்தை சாப்பிடாது, தூங்காது, சிணுங்கும், வாந்தி எடுக்கும். பயணக் களைப்பும் அச்சாக இப்படித்தான் இருக்கும் என்பதால், "அலைச்சல், சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவோம்.

ஸ்ரீநகர் 1,600 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே இரண்டு இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். மேலே போன பிறகு குழந்தை சரியில்லை என்று தோன்றினால் கீழே இறங்குவதே முதல் மருந்து. கோண்டோலா கேபிள் காரின் முதல் கட்டம் கொங்தூரிவரை, 3,000 மீட்டரைத் தாண்டிவிடும். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடும். காசு கட்டியாயிற்றே என்று கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் கட்டத்துக்குப் போகிறவர்களை வருடாவருடம் பார்க்கிறேன். ஒருவர் போய் வாருங்கள், மற்றவர் கீழே குழந்தையோடு இருங்கள். புறப்படுவதற்கு முன் உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவும் சளியோ காதுவலியோ இருந்தால் கட்டாயமாக.

கையுறை

ஐந்து விரல் வைத்தது வேண்டாம். கட்டைவிரல் மட்டும் பிரிந்தது, கயிறு கட்டியது.

இரண்டு ஜோடி காலுறை

பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் குளிரும். ஒரு ஜோடி கம்பளிக் காலுறை போதும்.

ஸ்கீயில் நிற்கவைத்துப் படம் எடுக்கும் ஆசை

இரண்டு வயதுக் குழந்தைக்குப் பனிச்சறுக்கு என்பது ஸ்லெட்ஜும், பனியை டம்ளரில் அள்ளிக் கொட்டுவதும்தான். வெளிநாட்டுப் பனிச்சறுக்குப் பள்ளிகளே பெரும்பாலும் மூன்று வயதுக்கு மேல்தான் சேர்த்துக்கொள்கின்றன. எங்கள் மகளின் காலுக்கு அங்கே வாடகை பூட்ஸே கிடைக்கவில்லை; கிடைக்காததே நல்லதாயிற்று. இரண்டாம் பயணத்தில் அவள் அதிக நேரம் செலவழித்தது ஒரு கூரையிலிருந்து தொங்கிய பனிக்குச்சிகளை ஒவ்வொன்றாக உடைப்பதில். அதற்குக் கட்டணம் இல்லை.

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் வகுப்பில் சேராதீர்கள். குழந்தையை முதுகிலோ மார்பிலோ கட்டிக்கொண்டு ஸ்கீயில் இறங்கவே இறங்காதீர்கள். உங்களுக்கு எவ்வளவு நன்றாக வந்தாலும் சரி, பின்னால் வேகமாக வந்து மோதுகிறவருக்கு அது தெரியாது.

மின்கெட்டிலில் சோறு

குழந்தைக்குத் தயிர்சாதம் இல்லாமல் ஆகாது என்று பொன்னி அரிசியும் கெட்டிலுமாகப் போனோம். அந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. முக்கால் மணி நேரம் கொதித்தும் அரிசி நறுக்கென்றே இருந்தது. ஹோட்டல் சமையலறையில் பிரஷர் குக்கர் இருக்கிறது. குழைய வேகவைத்துத் தரச் சொல்லுங்கள். பருப்புப் பொடியும் நெய்யும் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

வெயில் இல்லை என்ற நினைப்பு

புதுப் பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கிறது. கறுப்புக் கண்ணாடி குழந்தைக்கும் வேண்டும்.

அறையை இறுக மூடுவது

புகாரி அடுப்போ காங்க்ரி என்ற தணல் சட்டியோ கனன்றுகொண்டிருக்கும் அறையில் ஜன்னலை முழுதாக அடைத்துவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. படுக்கும்முன் அணைத்துவிட்டு, போர்வையை நம்புங்கள்.

சிம் கார்டு

வெளிமாநில ப்ரீபெய்ட் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட்.

திரும்பும் நாள்

பனி கொட்டினால் ஸ்ரீநகர் விமானம் ரத்தாகும். மறுநாள் காலை அலுவலகம் என்று சொல்லிவிட்டு வராதீர்கள். டயப்பரும் பால் பவுடரும் இரண்டு நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

கைப்பையில் ஒரே ஒரு பருத்தி பனியன் வையுங்கள். மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டிக்காகக் காத்திருக்கும்போது, தெர்மலைக் கழற்றிவிட்டு அதை மாட்டிவிடலாம்.