பவுடர் புளூ டாங் வளர்க்க ஆசையா? முதலில் ஒரு காலித் தொட்டி வாங்குங்கள்

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களில் பவுடர் புளூ டாங் மேல் கண் வைக்காதவர் குறைவு. வெளிர்நீல உடம்பு, கறுத்த முகம், தாடைக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை, முதுகில் மஞ்சள் துடுப்பு. நம் பக்கத்து மீன்தான். மாலத்தீவு, இலங்கை, லட்சத்தீவு, அந்தமான் பக்கமெல்லாம் பவளத் திட்டுகளில் பாசி மேய்ந்து திரியும். ஆனால் வெண்புள்ளி நோய்க்கு இதைப்போல ஆளாகும் மீன் வேறு இல்லை என்றே சொல்லலாம். கடையிலிருந்து நேராகப் பெரிய தொட்டியில் விட்டால், நோய் இதோடு நிற்காது. ஏற்கெனவே உள்ள மீன்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும்.

இது பிழைக்குமா என்பது பெரும்பாலும் பெரிய தொட்டிக்குள் வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல், புது மீனை முதலில் தனியே வைத்துச் சிகிச்சை தரும் தனிமைத் தொட்டியைப் பற்றித்தான் இருக்கும்.

படி 1: பெரிய தொட்டி தகுதியானதா?

நாள் முழுக்க நீந்தும் மீன் இது. 6 அடி நீளம், 450 லிட்டருக்குக் குறையாத தண்ணீர் வேண்டும். 3 அடித் தொட்டி வைத்திருப்பவர்கள் இந்த மீனை மறந்துவிடுவது நல்லது. தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். உப்படர்த்தி (தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் எண்) 1.025, வெப்பம் 25–26 டிகிரி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுத்தமாகப் பூஜ்யம். நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் இந்த வெப்பம் நிற்காது.

இடையில் ஒன்று: நம் கடலிலிருந்து எடுத்த பவளமும் பவளப்பாறையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். செயற்கைப் பாறையே போதும்.

படி 2: எதிரி யார்?

வெண்புள்ளி நோயைக் கொண்டுவருவது கிரிப்டோகேரியான் என்னும் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் 3 முதல் 7 நாள் தின்று கொழுக்கும்; நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அதுதான். அப்புறம் உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு உள்ளேயே பெருகும். கூடு வெடித்ததும் நூற்றுக்கணக்கான குட்டி ஒட்டுண்ணிகள் அடுத்த மீனைத் தேடி நீந்தும்.

மருந்து பிடிப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில் மட்டும்தான். மீன்மேல் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும், மருந்தாகப் போடும் தாமிரம் அதை ஒன்றும் செய்யாது. ஆகவே, “புள்ளி தானாகப் போய்விட்டது, மீன் குணமாகிவிட்டது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒட்டுண்ணி உதிர்ந்து தரைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பூண்டுச் சாறும் சுத்தம் செய்யும் இறாலும் இதைக் குணமாக்காது.

படி 3: தனிமைத் தொட்டி

சின்ன மீனுக்கு 100–150 லிட்டர் கண்ணாடித் தொட்டி போதும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், மூடி, ஒளிந்துகொள்ள 4 அங்குலப் பிவிசி எல்போ இரண்டு. பிளம்பிங் கடையில் புதிதாக வாங்குங்கள். மணலும் பாறையும் வைக்கக் கூடாது. இரண்டும் தாமிரத்தை உறிஞ்சிவிடும். வடிகட்டியில் போடும் கார்பனும் அப்படியே.

ஸ்பாஞ்சை ஒரு மாதம் முன்பே பெரிய தொட்டியின் சம்பில் (வடிகட்டும் துணைத் தொட்டியில்) போட்டு வையுங்கள். நல்ல பாக்டீரியா குடியேறியிருந்தால்தான் அம்மோனியா ஏறாது. வலை, வாளி, சைஃபன் குழாய் எல்லாம் இந்தத் தொட்டிக்கென்றே தனியாக இருக்கட்டும்.

படி 4: கடையில்

நிறத்தில் மயங்காமல் மீனை நேர் எதிரே, முகத்துக்கு முகம் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் முதுகுச் சதை குழிந்து, தலை மட்டும் அகலமாகத் தெரிந்தால் அது பல நாள் பட்டினி. வயிறு ஒட்டியிருந்தாலும் வேண்டாம். கடைக்காரரிடம் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். தின்னாத டாங்கை எவ்வளவு தள்ளுபடியில் தந்தாலும் வாங்காதீர்கள். அவர்கள் தொட்டியின் உப்படர்த்தியையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல கடைகளில் 1.018–1.020 தான் வைத்திருப்பார்கள்.

வாலடியில் இருபுறமும் கத்தி போன்ற முள் உண்டு. கையையும் கிழிக்கும், வலையிலும் சிக்கும். டப்பாவில் பிடிக்கச் சொல்லுங்கள்.

படி 5: பையைத் திறக்கும் நேரம்

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து மணிக்கணக்கில் பழக்குவது நெடுந்தூரம் வந்த மீனுக்கு ஆபத்து. பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அந்த நிலையில் அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதே அம்மோனியா நஞ்சாக மாறும்.

எனவே தனிமைத் தொட்டியின் உப்படர்த்தியைக் கடைக்காரர் சொன்ன அளவுக்கே முன்கூட்டி வையுங்கள். பையை மூடியபடி 15–20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு திறந்து உடனே மீனை மட்டும் மாற்றுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. உப்படர்த்தியை நாளுக்கு 0.002 வீதம் மெதுவாக ஏற்றலாம்.

படி 6: தாமிர சிகிச்சை

மீன் ஒழுங்காகத் தின்ன ஆரம்பித்த பிறகு மருந்தைத் தொடங்குங்கள். மூச்சு வாங்கினாலோ உடம்பில் மாவு தூவியதுபோல மெல்லிய தூசி தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். அது வெல்வெட் நோயாக இருக்கலாம், சில நாளிலேயே கொன்றுவிடும்.

காப்பர் பவர் போன்ற கீலேட் வகைத் தாமிரத்துக்கு (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த தாமிரம்) 2.0–2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவு. இரண்டு மூன்று நாளில் படிப்படியாக அங்கே கொண்டுபோய், 30 நாள் குறையாமல் வைத்திருங்கள். வேறு வகைத் தாமிரத்துக்கு அளவே வேறு. இந்த எண்ணை அதற்குப் போட்டால் மீன் செத்துவிடும். உங்கள் மருந்துக்கு ஏற்ற டெஸ்ட் கிட்டில் தினமும் பாருங்கள். ஒருநாள் அளவு இறங்கினால் மறுபடி 30 நாள்.

அம்மோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரிலும் அதே அளவு தாமிரம் கலந்திருக்க வேண்டும். அம்மோனியாவை முடக்கும் திரவங்களைத் தாமிரத்தோடு சேர்க்கவே கூடாது. முதல் சில நாள் புள்ளி தெரிந்தால் பதற வேண்டாம். ஏற்கெனவே உள்ளே இருந்தவைதான் அவை.

தீனி

உப்பு, எண்ணெய், மசாலா சேராத நோரி பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டி வையுங்கள், பகல் முழுக்கக் கொத்தும். சூப்பர் மார்க்கெட்டில் நொறுக்குத்தீனியாக விற்பது உதவாது. கூடவே ஸ்பைருலினா பாசித் தீனி, மைசிஸ் என்னும் இறால் போன்ற குட்டி உயிரி.

படி 7: பெரிய தொட்டிக்கு

கடைசி மீனாக இதை விடுங்கள், அடாவடிக்காரன். முதலில் ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் நாலைந்து நாள் தொட்டியிலேயே வைத்து, மற்ற மீன்கள் பார்த்துப் பழகியதும் திறந்துவிடலாம். இதே இனத்தில் இரண்டாவது மீன் வேண்டாம். இரவில் நிறம் வெளுத்துத் தெரிவது தூக்கத்தில் சகஜம்.

அப்படியும் புள்ளி வந்தால்

பவளமோ இறாலோ உள்ள தொட்டியில் தாமிரம் ஊற்றினால் அவை செத்துவிடும். ஒரே வழி, எல்லா மீன்களையும் பிடித்துத் தனிமைத் தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை தருவது. மீன் இல்லாமல் பெரிய தொட்டியை 76 நாள் ஓடவிட வேண்டும். கூட்டுக்குள் இருப்பவை வெளியே வந்து, ஒட்ட மீன் கிடைக்காமல் சாக அவ்வளவு காலம் ஒதுக்குகிறோம். அந்த நாட்களில் புதுப் பாறை, நத்தை என்று எதையும் உள்ளே போடாதீர்கள். அவற்றின் ஓட்டில் ஒரு கூடு ஒட்டி வந்திருந்தால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதுதான்.